கை அறிந்ததைக் கண் அறியுமா?

கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் நடத்துநரின் கையைக் கவனித்துப் பாருங்கள். கண் படிக்கட்டில் தொங்கும் பையன்கள் மேல் இருக்கும். வாய் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். விரல்கள் மட்டும் தோல்பைக்குள் துழாவி, தர வேண்டிய சில்லறையைப் பொறுக்கி எடுத்துவிடும். எது ஐந்து ரூபாய், எது ஒரு ரூபாய் என்று விரலுக்குத் தெரியும். வெளியே எடுத்த காசைக் கண் பார்க்கும்போது அதுவும் அதையேதான் சொல்லும். கையும் கண்ணும் ஒருநாளும் சண்டை போட்டுக்கொள்வதில்லை.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் தரை நழுவுகிறது. தோலில் விழும் அழுத்தம் வேறு, விழித்திரையில் விழும் வெளிச்சம் வேறு. விரலுக்கு நிறம் தெரியாது, கண்ணுக்குக் கனம் தெரியாது. இப்படித் தொடர்பே இல்லாத இரண்டு வழிகளில் வந்து சேரும் செய்திகள் ஒரே வட்டத்தைப் பற்றியவை என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பிறக்கும்போதே கொண்டுவந்தோமா, பிறந்த பிறகு கற்றோமா? கற்றோம் என்றால் எத்தனை நாளில்? அறிவு என்றால் என்ன, அது மனிதருக்கு எப்படி வருகிறது என்ற பெரிய கேள்விக்குள் நுழைய இதைவிடச் சின்ன வாசல் எனக்குத் தெரியாது. வாசல் சின்னதாக இருப்பதால்தான் இதைச் சோதனை செய்து பார்க்கவும் முடிந்தது. அதற்கு 323 ஆண்டுகள் ஆயின.

1688 ஜூலை 7 அன்று டப்ளின் நகரத்திலிருந்து வில்லியம் மாலினியூ என்பவர் ஒரு கடிதம் எழுதினார். ஒளியியலில் தேர்ந்தவர். லென்ஸுகளைப் பற்றி 1692இல் ஒரு நூலே வெளியிட்டார். அவருடைய மனைவி லூசி திருமணமான சில மாதங்களிலேயே பார்வையை இழந்து, 1691இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தவர். பகலெல்லாம் ஒளி வளையும் கணக்குகள், வீட்டில் ஒளியே எட்டாத மனைவி. அவருடைய கேள்வி அந்த வீட்டில்தான் பிறந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல ஆதாரம் கிடையாது. இருந்தாலும் அந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு லூசியின் நினைவு வராமல் போவதில்லை.

கேள்வி இதுதான். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் வளர்ந்து ஆளாகிவிட்டார். ஒரே உலோகத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் செய்த ஓர் உருண்டையையும் ஒரு கனசதுரத்தையும் தொட்டுப் பார்த்து, இது உருண்டை, இது கனசதுரம் என்று சரியாகச் சொல்வார். இப்போது அவருக்குப் பார்வை வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் மேஜைமேல் வைத்திருக்கிறோம். தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எதுவென்று அவரால் சொல்ல முடியுமா?

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 1693இல் மாலினியூ அதே கேள்வியை மறுபடி ஜான் லாக்குக்கு எழுதினார். மனித மனம் பிறக்கும்போது எழுதாத தாள், அதில் இருப்பதெல்லாம் அனுபவம் எழுதியதுதான் என்று வாதிட்ட ஆங்கிலத் தத்துவ அறிஞர் லாக். அவர் அந்தக் கேள்வியை 1694இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அப்படியே சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து ஐரோப்பாவில் யோசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போகவில்லை. முடியாது என்றார் மாலினியூ. முடியாது என்று லாக்கும் ஒப்புக்கொண்டார். தத்துவ அறிஞர் ஜார்ஜ் பார்க்லி 1709இல் இன்னும் ஒருபடி மேலே போய், கண்ணின் வட்டமும் கையின் வட்டமும் இரண்டு வெவ்வேறு பொருள்கள், பழக்கம்தான் அவற்றை ஒன்றாகக் கட்டுகிறது என்றார். ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் முடியும் என்றார். அவர் வைத்த நிபந்தனை அழகானது: உன் முன்னால் இருப்பவை அந்த இரண்டு பொருள்கள்தான் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்றுக்கு மூலைகள் உண்டு, இன்னொன்றுக்கு மூலையே கிடையாது. அதைக் கொண்டு அறிவு கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். இதே கேள்வியை அலசி 1749இல் பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ எழுதிய நூல் நாத்திகம் பேசுகிறது என்று அவரை வேன்சென் கோட்டையில் சிறை வைத்தார்கள்.

இதற்கிடையில் உண்மையிலேயே பார்வை பெற்ற ஒரு சிறுவன் லண்டனில் கிடைத்தான். வில்லியம் செசல்டன் என்ற அறுவை மருத்துவர் 13 வயதை ஒட்டிய ஒருவனுக்கு ஊசியால் கண்புரையைத் தள்ளிப் பார்வை கொடுத்தார். நம் நாட்டில் சுசுருத சம்ஹிதையிலேயே சொல்லப்பட்ட முறைதான். 1728இல் அவர் வெளியிட்ட அறிக்கை சில பக்கங்கள்தான், ஆனால் மறக்க முடியாதது. கண்ணில் படுகிற எல்லாமே தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அந்தப் பையன் நினைத்தான். தோல் எதையாவது தொட்டால்தானே அதை அறியும்? கண்ணும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டான். எது பூனை, எது நாய் என்று அவனுக்கு அடிக்கடி மறந்துபோகும். கேட்கக் கூச்சம். ஒருநாள் பூனையைப் பிடித்து, தடவிக்கொண்டே வெகுநேரம் அதை உற்றுப் பார்த்தான். இனிமேல் உன்னை அடையாளம் தெரிந்துவிடும் என்று அதனிடமே சொல்லிக் கீழே விட்டான். சுவரில் இருக்கும் ஓவியங்கள் அவனுக்கு இரண்டு மாதம் வரை வெறும் வண்ணத் திட்டுகள். அவை மனிதர்களின் உருவங்கள் என்று பிடிபட்டதும், மேடு பள்ளம் இருக்கும் என்று தடவிப் பார்த்தான். சமதளமாக இருந்தது. பார்வையா, தொடுகையா, இரண்டில் எது தன்னை ஏமாற்றுகிறது என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்துக் கடந்துபோக முடியவில்லை. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் அதே இடத்தில் நின்றவர்கள்தான். நமக்கு அது நினைவில்லை என்பதுதான் வித்தியாசம்.

செசல்டனின் அறிக்கையும் பின்னால் வந்த சிலவும் சுவையானவை என்றாலும் மாலினியூவின் கேள்விக்கு விடையாகவில்லை. கனசதுரமும் உருண்டையும் வைத்து யாரும் முறையாகக் கேட்கவில்லை. பிறகு கேட்டுப் பார்க்க ஆளும் கிடைக்கவில்லை. பணக்கார நாடுகளில் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்துவிடுகிறது. குணப்படுத்தக்கூடிய புரையோடு ஒரு பிள்ளை எட்டு வயது, பன்னிரண்டு வயது, பதினேழு வயது வரை இருட்டில் வளர வேண்டும் என்றால் அந்த வீட்டில் வறுமை இருக்க வேண்டும், பக்கத்தில் மருத்துவமனை இல்லாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் நாட்டில் இருந்தார்கள். இருக்கிறார்கள். அறிவைப் பற்றிய மிகப் பழைய கேள்வி ஒன்றுக்கு விடை இந்தியாவில் கிடைத்ததற்குப் பின்னால் இந்தத் துயரமும் இருப்பதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

டெல்லியில் பிறந்து வளர்ந்து, ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானவர் பவன் சின்ஹா. மூளை எப்படிப் பார்க்கிறது என்பது அவருடைய துறை. 2002இல் டெல்லிக்கு வந்திருந்தபோது சாலையோரம் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த தாயையும் கண்புரையோடு இருந்த அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பிரகாஷ் என்ற திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. கிராமங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, டெல்லியில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் கண் மருத்துவமனையில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்வது. பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தால், புதிதாகப் பார்க்கத் தொடங்கும் அந்த நாட்களில் அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று உடனிருந்து அறிவது. சிகிச்சை முதலில், ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

மாலினியூவின் சோதனையை அவர்கள் ஐந்து பேரிடம் செய்தார்கள். எல்லோரும் 8 வயதிலிருந்து 17 வயதுக்குள் இருந்தவர்கள். சிகிச்சைக்கு முன்னால், மிஞ்சிப்போனால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சொல்லும் அளவுக்குத்தான் பார்வை. சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதனை. உருண்டைக்கும் கனசதுரத்துக்கும் பதிலாக, பிள்ளைகள் கோத்து விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் போல எளிய வடிவங்கள் 20 ஜோடி. புதுப் பார்வைக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை. ஒரு வடிவத்தை முதலில் கொடுப்பார்கள். பிறகு இரண்டு வடிவங்களை முன்வைத்து, முதலில் வந்தது இவற்றில் எது என்று கேட்பார்கள்.

மூன்று விதமாகக் கேட்டார்கள். கையால் தொட்டதைக் கையாலேயே கண்டுபிடிக்கச் சொன்னபோது 98 சதவீதம் சரி. அது எதிர்பார்த்ததுதான், வாழ்நாள் முழுக்க அவர்கள் உலகத்தைக் கையால்தானே அறிந்தார்கள். கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கச் சொன்னபோது 92 சதவீதம் சரி. அதாவது இரண்டு நாள் வயதுள்ள அந்தப் பார்வை வேலை செய்கிறது. இரண்டு வடிவங்களுக்கு இடையே உள்ள வேற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவதுதான் மாலினியூவின் கேள்வி. கையால் தொட்ட வடிவத்தைக் கண்ணால் கண்டுபிடி. அதில் 58 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக வந்துவிடும்.

கைக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை.

இதோடு நின்றிருந்தால் மாலினியூவும் லாக்கும் சொன்னது சரி, லைப்னிட்ஸ் சொன்னது தவறு என்று கணக்கை முடித்திருக்கலாம். அவர்கள் நிற்கவில்லை. அதே பிள்ளைகளில் சிலரைச் சில நாள் கழித்து மறுபடி சோதித்தார்கள். இடையில் யாரும் அவர்களுக்குப் பயிற்சி எதுவும் தரவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தட்டையும் டம்ளரையும் எடுத்து வைத்து, நடந்து, முட்டிக்கொண்டு, சும்மா இருந்தார்கள். ஐந்தே நாளில்கூடத் தொட்டதைப் பார்த்துச் சொல்வது வெகுவாகக் கூடிவிட்டது. முடிவுகள் 2011இல் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் வெளிவந்தன.

இந்த ‘ஐந்தே நாள்’ என்ற செய்திதான் என்னை அசைத்துப் போட்டது. முடியுமா, முடியாதா என்று மூன்று நூற்றாண்டு வாதாடிய அத்தனை பேரும், நடுவில் இப்படி ஒரு விடை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறவியில் வரவில்லை, ஆனால் வாராவாரம் பாடம் படித்துச் சேர்க்கும் அறிவும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டு கையை மட்டுமே நம்பி வாழ்ந்த மூளை, கண் என்ற புதிய சாட்சி வந்ததும், ஒரு வாரத்துக்குள் அதன் வாக்குமூலத்தைப் பழைய சாட்சியோடு ஒத்துப் பார்க்கக் கற்றுவிடுகிறது. நம் ஒவ்வொருவருக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது இது நடந்திருக்க வேண்டும். இவ்வளவு வேகமாக நடப்பதால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

நம் மரபில் இதைப் பற்றி யோசித்தவர்கள் உண்டு. அறிவு வரும் வழிகளை அளவை என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் அளவைக்குத் தனிப் பகுதியே உண்டு. அதில் காட்சியை இரண்டாகப் பிரிக்கிறார். ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவில் மட்டும் தெரிவது விகற்பமில்லாக் காட்சி. அதன் பெயர், சாதி, குணம், தொழில், அது இன்ன பொருள் என்பதெல்லாம் சேர்ந்து தெரிவது விகற்பக் காட்சி. வளர்ந்த மனிதர் ஒருவர் முதல் வகைக் காட்சியைத் தனியே பிரித்து அனுபவிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கண்ணைத் திறந்தாலே நாற்காலி, மரம், அத்தை என்று பெயர்களோடுதான் உலகம் வந்து நிற்கிறது. டெல்லியில் கட்டு அவிழ்த்த பிள்ளைகளின் முதல் சில நாட்களில், சித்தியார் தர்க்கத்தால் பிரித்துக் காட்டிய அந்தக் காட்சிக்கு வெகு பக்கத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

அப்படி அவர்களுக்கு என்னதான் தெரிந்தது? இதற்கும் பிரகாஷ் குழுவினர் 2009இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் விவரம் இருக்கிறது. ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல் கோட்டால் வரைந்து, எத்தனை உருவங்கள் என்று கேட்டார்கள். நாம் இரண்டு என்போம். புதிதாகப் பார்வை பெற்றவர்கள் மூன்று என்றார்கள். வட்டத்தின் தனிப் பகுதி ஒன்று, சதுரத்தின் தனிப் பகுதி ஒன்று, இரண்டும் சேரும் நடுப்பகுதி ஒன்று. கோடு எங்கே அடைபடுகிறதோ அது ஒரு பொருள், அவ்வளவுதான். நிழல் விழுந்த பந்தைக் காட்டினால் வெளிச்சப் பகுதி ஒரு பொருள், நிழல் இன்னொரு பொருள். உலகம் முழுவதும் துண்டு துண்டான நிறத் திட்டுகள். இவற்றில் எந்தெந்தத் திட்டுகள் சேர்ந்து ஒரு பசுமாடு, எவை சேர்ந்து ஒரு வீடு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

அந்த வட்டத்தையும் சதுரத்தையும் கணினித் திரையில் அசையவிட்டதும் நிலைமை மாறியது. வட்டம் ஒரு பக்கமும் சதுரம் இன்னொரு பக்கமும் நகர்ந்தால், இரண்டு உருவங்கள் என்று உடனே சொன்னார்கள். சேர்ந்து நகர்பவை சேர்ந்தவை. புதுப் பார்வை கைகொள்ளும் முதல் விதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். மாதங்கள் போகப் போக, அசைவில் அடையாளம் தெரிந்த பொருள்களை அசையாமல் இருக்கும்போதும் அடையாளம் காணத் தொடங்கினார்கள். ஓடும் நாய்தான் முதலில் தெரியும், படுத்திருக்கும் நாய் அப்புறம்.

இந்த ஆய்வு 2011 ஆய்வின்மேல் ஒரு சந்தேகத்தையும் எழுப்புகிறது, அதை மறைக்கக் கூடாது. சில தத்துவ அறிஞர்கள் கேட்டார்கள்: 48 மணி நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு முப்பரிமாண வடிவம் வடிவமாகவே தெரிந்திருக்குமா? ஒரு மூலையையோ ஒரு விளிம்பையோ மட்டும் வைத்துக்கொண்டு கண்ணுக்குக் கண் பொருத்திவிட்டு 92 சதவீதம் வாங்கியிருக்கலாமே? அப்படியென்றால், கையறிவும் கண்ணறிவும் பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது, பொருத்திப் பார்ப்பதற்குக் கண்ணறிவு இன்னும் முழுதாக உருவாகவே இல்லை என்றுதான் சொல்லலாம். நியாயமான கேள்வி. என் கணிப்பில், இது விடையைத் தள்ளிவிடவில்லை, ஆழமாக்குகிறது. வடிவம் என்ற ஒன்று கண்ணுக்குள் தயாராக வந்து விழுவதில்லை, அதையும் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றாகிறது.

‘செய்து’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். 2011 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் ரிச்சர்ட் ஹெல்ட். அப்போது அவருக்கு வயது 90ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இதே மனிதர் 1963இல் ஆலன் ஹைனோடு சேர்ந்து பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்து உளவியல் பாடநூல்களில் இடம்பிடித்தவர். இருட்டில் வளர்ந்த இரண்டு குட்டிகள். கோடு போட்ட வட்டச் சுவருக்குள் ஒரு சின்ன ராட்டினம். ஒரு முனையில் பூட்டிய குட்டி தன் காலால் நடந்து ராட்டினத்தைச் சுற்றும். இன்னொரு முனையில் தொங்கும் சிறு தொட்டிலில் அடுத்த குட்டி உட்கார்ந்திருக்கும். அதன் கால் தரையைத் தொடாது. முதல் குட்டி திரும்பினால் இதுவும் திரும்பும். இரண்டு குட்டிகளின் கண்ணிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான் ஓடும். நாளுக்கு மூன்று மணி நேரம் இப்படி. மற்ற நேரமெல்லாம் இருட்டு.

பிறகு இரண்டையும் சோதித்தார்கள். மேஜை விளிம்பை நோக்கி மெல்ல இறக்கினால், நடந்து பழகிய குட்டி முன்னங்காலை நீட்டி விளிம்பைப் பிடிக்கத் தயாராகும். தொட்டிலில் போன குட்டி நீட்டாது. கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரியும்படி அமைத்த பலகையில் நடந்து பழகிய குட்டி பள்ளத்தின் பக்கம் போகாது. தொட்டில் குட்டிக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். அத்தனை மணி நேரம் பார்த்தும் அதன் பார்வை எதையும் அறியவில்லை. என் கால் இப்படிப் போனால் காட்சி இப்படி மாறும் என்ற கணக்கு அதற்குக் கிடைக்கவே இல்லை. வெளிச்சமான அறையில் அதை இரண்டு நாள் சுதந்திரமாக ஓடவிட்டதும் அதுவும் மற்றதைப்போல ஆகிவிட்டது. இரண்டு நாள். டெல்லிப் பிள்ளைகளின் ஐந்து நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 48 ஆண்டு இடைவெளியில் ஹெல்ட் ஒரே உண்மையின் இரண்டு முனைகளைத் தொட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கண் கொண்டுவந்து தருவது வெறும் தகவல். கை நீட்டி, கால் வைத்து, தவறி, திருத்தும் உடம்புதான் அதை அறிவாக்குகிறது.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கிரெகரியும் ஜீன் வாலஸும் 1963இல் வெளியிட்ட ஒரு வரலாற்றை இப்போது படித்தால் புதிதாகப் புரிகிறது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வை போன ஒருவருக்கு 52 வயதில் கருவிழி மாற்று சிகிச்சையில் பார்வை வந்தது. ஆய்வில் அவரை எஸ்.பி. என்று குறிக்கிறார்கள். அவரால் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. ஏனென்றால் கண்ணாடி இல்லாத பெரிய பாக்கெட் கடிகாரத்தின் முட்களைப் பல ஆண்டுகள் விரலால் தடவி மணி அறிந்தவர் அவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் படித்தார், சின்ன எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. பார்வையற்றோர் பள்ளியில் செதுக்கிய பெரிய எழுத்துகளைத்தான் அவருக்குத் தடவக் கொடுத்திருந்தார்கள். லண்டன் அறிவியல் காட்சியகத்தில் அவர் ஆசையாகப் பார்க்க வந்த கடைசல் இயந்திரம் முன்னால் நின்றபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இயந்திரம் முழுவதையும் தடவினார். பின்னால் தள்ளி நின்று கண்ணைத் திறந்தார். தொட்டுவிட்டேன், இப்போது தெரிகிறது என்றார்.

எஸ்.பி.யின் கதை லைப்னிட்ஸ் பக்கம் சாய்வதாகச் சிலர் எழுதினார்கள். கை அறிந்ததைக் கண் உடனே அறிந்துகொண்டதே என்றார்கள். ஆனால் கிரெகரி அவரை முதலில் சந்தித்தபோது முதல் சிகிச்சை முடிந்து ஏழு வாரம் போல ஆகியிருந்தது. நடக்க வேண்டியதெல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அவருடைய வாழ்க்கை பிறகு நன்றாக அமையவில்லை. பார்வை தந்த உலகம் அவருக்கு மங்கலாகவும் கறை படிந்ததாகவும் தெரிந்தது. மனம் சோர்ந்து 1960இல் இறந்துபோனார். 52 ஆண்டு கையால் கட்டிய உலகத்தில் அவர் தேர்ந்தவர். கண்ணின் உலகத்தில் அவர் எப்போதும் கடைசி வகுப்பு மாணவர். இந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டுப் பார்வை வருவதை வெறும் கொண்டாட்டமாக எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எல்லாமே கற்றுத்தான் வருகிறது என்று சொல்லிவிடவும் முடியாது. ரயில் தண்டவாளம் தூரத்தில் குவிவதுபோல் இரண்டு கோடுகளை வரைந்து, குறுக்கே ஒரே நீளத்தில் இரண்டு கட்டைகளை வரைந்தால் மேலே இருப்பது நீளமாகத் தெரியும். தூரம், ஆழம் எல்லாம் பார்த்துப் பழகியதால்தான் இப்படி ஏமாறுகிறோம் என்று வெகுகாலமாக நம்பினார்கள். 2015இல் பிரகாஷ் குழுவினர் 8 முதல் 16 வயது வரையுள்ள ஒன்பது பேரிடம், பார்வை வந்த கையோடு இதைக் காட்டினார்கள். நம்மைப் போலவே அவர்களும் ஏமாந்தார்கள். ஆழம் பார்த்துப் பழக அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. அப்படியானால் இந்தப் பிழை பழக்கத்தில் வந்ததில்லை, மூளையின் அமைப்போடு வந்தது.

2020இல் லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வகத்தில் பம்பிள்பீ என்னும் குண்டுத் தேனீக்களுக்கு மாலினியூவின் அதே உருண்டையையும் கனசதுரத்தையும் வைத்தார்கள். ஒரு வடிவத்தில் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் கசப்பு. வெளிச்சத்தில் பார்க்கலாம், தொட முடியாது என்ற ஏற்பாட்டில் பழகிய தேனீ, கும்மிருட்டில் காலால் தொட்டுச் சரியான வடிவத்தைத் தேடிப் போனது. இருட்டில் தொட்டுப் பழகியது, வெளிச்சத்தில் பார்த்துக் கண்டுகொண்டது. பறந்து வளர்ந்த தேனீக்கள் என்பதால், கண்ணும் காலும் முன்பே பழகியிருக்கும். ஆனாலும் எள்ளளவு மூளைக்குள் தொடுகையும் பார்வையும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிகளால் தத்துவ வகுப்புக்கு வெளியே நடந்த காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். 1960களில் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்து, இளமையில் பார்க்காத கண்ணை மூளை பிறகு ஏற்பதில்லை என்று காட்டினார்கள். 1981இல் நோபல் பரிசு பெற்ற பணி அது. அதன் நிழலில் ஒரு நடைமுறை உருவானது: பிறவிப் புரை உள்ள பிள்ளை எட்டுப் பத்து வயதைத் தாண்டிவிட்டால் அறுவை செய்து பயனில்லை, மூளைக்குக் காலம் கடந்துவிட்டது. பிரகாஷ் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைத் திருத்தியிருக்கிறார்கள். பார்வையின் கூர்மை முழுதாக வருவதில்லை, அது உண்மை. பொடி எழுத்து அவர்களுக்கு எட்டாது. முகத்தையும் முகமல்லாததையும் பிரித்தறிய மாதக்கணக்கில் ஆகிறது. ஆனால் பொருள்களை அறிகிறார்கள், மனிதர்களை அறிகிறார்கள், யார் கையையும் பிடிக்காமல் தெருவில் நடக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா தொற்று பிறவிப் புரைக்கு ஒரு காரணம். அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017இல் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பத்து வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று யாராவது சொன்னால் அதைக் கேட்கக் கூடாது.

அறிவு எந்த வரிசையில் வந்து சேர வேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருப்பதாக அதே குழு 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு நிறங்கள் சரிவரத் தெரியாது. நிறமறியும் செல்கள் முதிர மாதங்கள் ஆகும். அதுவரை குழந்தை உலகத்தை வெளிறிய நிறத்தில், மங்கலாகத்தான் பார்க்கிறது. அதை ஒரு குறையாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வளர்ந்த பிறகு பார்வை பெற்றவர்களுக்கு அந்தக் கட்டம் கிடையாது. கட்டு அவிழ்ந்ததும் முழு வண்ணம். அவர்களிடம் பொருள்களின் வண்ணப் படங்களைக் காட்டினால் நன்றாகவே அடையாளம் சொன்னார்கள். அதே படங்களைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் தடுமாறினார்கள். இயல்பாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. காரணம் இதுதானா என்று அறியக் கணினியில் செயற்கை நரம்பு வலையமைப்புகளைப் பழக்கினார்கள். முதலில் கறுப்பு வெள்ளைப் படங்கள், பிறகு வண்ணப் படங்கள் என்ற வரிசையில் பழகிய வலையமைப்பு இரண்டையும் சமாளித்தது. எடுத்த எடுப்பிலேயே வண்ணத்தில் பழகியது, வண்ணத்தை நீக்கியதும் திணறியது. நிறம் தெரியாத அந்தச் சில மாதங்களில் குழந்தை வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தையும் வடிவத்தையும் பிடித்துக்கொள்கிறது, நிறம் அதன்மேல் வந்து சேர்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வாரங்களில் எதைக் காட்டுவது, எந்த வரிசையில் காட்டுவது என்பது இனி கண் மருத்துவர்களும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வியாகிவிட்டது.